தோட்டத்தில் தமிழ் பேசக்கூடாது

சைகோனிலிருந்து திரும்பி வந்த நம் கூட்டத்தில் யாராவது அந்த ஊர்ப் பேச்சை எடுத்தால் அது கொஞ்ச நேரத்தில் அந்தத் தோட்டத்தில் வந்துதான் நிற்கும். ஒருவர் புலிக்கூண்டைச் சொல்வார், ஒருத்தி மயிலைச் சொல்வாள், இன்னொருவர் பேண்டு வாத்தியக்காரர்களின் பித்தளைப் பொத்தான்களைச் சொல்வார். அதற்குள் நான் காபி போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவேன். என் காபி வாயில் வைக்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் இத்தனை வருடமாக யாரும் ஏன் என்று கேட்டதில்லை. போன மாதம் உங்களில் ஒருத்தி கேட்டாள். உனக்கு ஒரு தம்பி இருந்தான் இல்லையா என்றும் கேட்டாள். இருந்தான். அந்தத் தோட்டத்துக் குளத்தில்தான் போனான். அதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நடுவில் அழுதுவிடுவேனோ என்று யாரும் கைக்குட்டையைத் தேட வேண்டாம். எனக்கு அன்றைக்கே அழுகை வரவில்லை, இப்போது எங்கிருந்து வரப்போகிறது.

தோட்டம் என்று நாம் இப்போது சொல்கிறோம். அப்போது எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ழர்தேன். பிரெஞ்சில் அதற்கும் தோட்டம் என்றுதான் அர்த்தம். வியத்நாம்காரர்கள் அதை மிருகங்கள் இருக்கிற இடம் என்று அவர்கள் பாஷையில் சொல்வார்கள். அவர்களுக்கு மிருகம் பெரிது, வெள்ளைக்காரர்களுக்கு மரம் பெரிது. எங்கள் அப்பாவுக்கு இரண்டும் இல்லை, அங்கே போட்டிருந்த இரும்பு நாற்காலிதான் பெரிது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தத் தோட்டத்தின் சரித்திரம் அப்பாவுக்கு மனப்பாடம். முதலில் அது வாய்க்கால் ஓரத்துச் சதுப்பு நிலம், முட்புதர் மண்டிய காடு. பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்த கையோடு அதை வெட்டித் திருத்தி, மண் கொட்டி மேடாக்கி, எங்கெங்கிருந்தோ கப்பலில் செடி கொண்டு வந்து நட்டார்களாம். எது இந்த மண்ணில் பிழைக்கும், எது பிழைக்காது என்று பார்ப்பதற்காகவே போட்ட தோட்டம் அது. காப்பி, கொக்கோ, வனிலா, பெயர் தெரியாத பழமரங்கள். பிழைத்ததை ஊருக்குள் கொண்டு போனார்கள். சைகோன் தெருக்களில் வரிசையாக நின்றதே புளியமரம், அதெல்லாம் ழர்தேனில் நாற்றாக இருந்தது என்பார் அப்பா. அது நம்ம ஊர்ப் புளியா என்று அம்மா ஒருமுறை கேட்டாள். அப்பா பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தார். அவள் அதைத் தோட்டத்துக்குள் நின்று கேட்டுவிட்டாள், அதுவும் தமிழில்.

ஒவ்வொரு மரத்திலும் ஒரு தகரத் தகடு தொங்கும். அதில் லத்தீனில் ஒரு பெயர், கீழே அது எந்தத் தேசத்திலிருந்து வந்தது என்று பிரெஞ்சில் ஒரு வரி. எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு தகடு உண்டு. எங்கள் தாத்தா காரைக்காலில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். நம் வழக்கத்தையும் குடும்பச் சட்டத்தையும் விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமை. கூடவே வாயில் நுழையாத ஒரு குடும்பப் பெயர். உங்கள் வீடுகளிலும் பாதிக்கு மேல் அப்படித்தான். அந்தக் காகிதத்தை நம்பித்தான் அப்பா கப்பலேறி வந்து சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா ஆனார். ஆனால் வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் காகிதமெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. வட்டிக்கடைச் செட்டியார், பால்காரர், துணிக்கடை ராவுத்தர், எங்கள் அப்பா, எல்லோரும் அவர்களுக்கு மலபார்தான், இந்தியாக்காரர் எல்லோருக்கும் அவர்கள் வைத்திருந்த இளக்காரப் பெயர் அது. அப்பா கால்சட்டைக்குக் கஞ்சி போட்டு, வெள்ளைத் தொப்பியைச் சுண்ணாம்பு பூசித் துடைத்து வைத்தது அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தொப்பி பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலில் பூசை, மாலையில் ழர்தேன். மேடு மாதிரி இருந்த இடத்தில் எட்டுமூலை மண்டபம், அதில் பட்டாளத்து பேண்டு. அதைச் சுற்றிப் பச்சை வர்ணம் அடித்த இரும்பு நாற்காலிகள். உட்கார்ந்தால் கம்பியின் வரி தொடையில் பதிந்துவிடும், வீட்டுக்குப் போனதும் தம்பியும் நானும் தடவிப் பார்த்துக்கொள்வோம். முன்வரிசையில் வெள்ளைக்காரர்கள், நடுவில் பணக்கார வியத்நாம் குடும்பங்கள். பின்வரிசையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று பேச்சு. அப்பா நடுவரிசையில் உட்காருவார். அதற்காகச் சீக்கிரமே கிளம்புவோம். வாசிக்கிற பாட்டு அவருக்குப் புரிந்ததா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். தப்பான இடத்தில் தலையாட்டி, முன்வரிசை வெள்ளைக்காரர் ஆட்டாததைப் பார்த்து நடுவிலேயே நிறுத்திக்கொள்வார்.

அம்மா காரைக்கால் பக்கத்துப் பெண். கல்யாணம் முடிந்து கப்பலேறி வந்தவள். அவளுக்குப் பெரிய குரல். மாடி ஜன்னலில் நின்று "தம்பீ" என்று ஒரு அதட்டல் போட்டால் தெருக்கோடி தள்ளுவண்டிக்காரர்கூட நின்று திரும்பிப் பார்ப்பார். தம்பி நாலு வயதுப் பையன், வீதியில் குதிரைவண்டி போனால் பின்னாலேயே ஓடுவான். அம்மாவின் குரல் கேட்டதும் அப்படியே நிற்பான். தூக்கின கால் தூக்கினபடி நிற்கும். வேறு யார் கூப்பிட்டாலும் நிற்க மாட்டான். நான் கூப்பிட்டால் இன்னும் வேகமாக ஓடுவான்.

ஒரு ஞாயிறு நடந்ததைச் சொன்னால்தான் பிற்பாடு நடந்தது புரியும். அம்மா சேலை கட்டிக்கொண்டு நடுவரிசையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அலுவலகத்து வெள்ளைக்கார மேலதிகாரியைப் பார்த்துவிட்டு வணக்கம் சொல்லப் போயிருந்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து தன் கைக்குழந்தையை அம்மாவின் மடியில் வைத்து, பால்புட்டியைக் கையில் கொடுத்து, என்னவோ சொல்லிவிட்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள். ஆயா என்று நினைத்துவிட்டாள். அம்மா குழந்தையைத் தோளில் போட்டு, முதுகைத் தட்டி, பால் கொடுத்தாள். அது தூங்கியும் போனது. அப்பா மேலதிகாரியையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு எங்களைக் காட்ட வந்தபோது பார்த்தது இந்தக் காட்சியைத்தான். மேலதிகாரி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, சாதாரணமாகத்தான் சிரித்தார். அப்பாவின் காது மட்டும் சிவந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சத்தம் போட்டார். அம்மாவுக்கு எது தப்பு என்றே விளங்கவில்லை.

"புள்ளதானே, செத்த நேரம் வெச்சிருந்தேன். அதுக்கென்ன?" என்றாள்.

மறுவாரமே தையற்காரர் வந்து அளவெடுத்தார். அம்மாவுக்கு நீலக் கவுன், வைக்கோல் தொப்பி, குதிகால் உயர்ந்த செருப்பு. அந்தச் செருப்பில் அவள் நடந்தது எனக்கும் தம்பிக்கும் பெரிய வேடிக்கை. அவள் பின்னாலேயே நாங்களும் நுனிக்காலில் நடந்து காட்டுவோம், அவளும் சிரிப்பாள். அப்பா சாயங்காலங்களில் அவளை உட்கார வைத்துப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். போன்ழூர், மெர்சி, பார்தோன். பார்த்தால் போன்ழூர், கொடுத்தால் மெர்சி, இடித்தால் பார்தோன். அதற்கு மேல் ஏறவில்லை. அப்பாவும் விட்டுவிட்டு ஒரு உத்தரவு போட்டார். சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னது, அப்படியே நினைவிருக்கிறது.

"ழர்தேன்ல தமிழ் வேண்டாம். தெரிஞ்ச பிரெஞ்சப் பேசு, இல்லாட்டி சிரிச்சிக்கிட்டு உக்காரு. கத்துறது கூப்புடுறது ஒண்ணும் கூடாது."

"புள்ளைங்களயுமா?"

"புள்ளைங்களயும்தான்."

அம்மா சரி என்றாள். வீட்டில் தன் இஷ்டம், தோட்டத்தில் உங்கள் இஷ்டம் என்கிற மாதிரி ஒரு சரி. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் அம்மா ஊமை. நான் கன்னிமாடப் பள்ளியில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு அப்பாவோடு பேசுவேன், அவள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்களை வரச் சொல்ல வேண்டுமானால் விசிறியை இரண்டு தரம் தட்டுவாள். எனக்கு அது புரியும். தம்பிக்கு விசிறியெல்லாம் புரியாது.

இப்போது யோசித்தால் அப்பா ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. அவர் ஆசைப்பட்டது ஒரு இரும்பு நாற்காலிக்கு. அதில் மனைவி மக்களோடு உட்கார்ந்திருக்கும்போது யாரும் எழுந்திரு என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான். அவர் மேல் எனக்குக் கோபம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பலதடவை உள்ளே தேடிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.

பேண்டு மண்டபத்திலிருந்து புல்சரிவு இறங்கிப் போனால் குளம். உங்களுக்கு நினைவிருக்கும், அதில் ஒரு ராட்சத அல்லி இருந்தது. தாம்பாளம் மாதிரி வட்ட இலை, ஓரம் மேலே மடங்கியிருக்கும், ஒரு ஆள் கையை விரித்தாலும் எட்டாது. ஏதோ நதியிலிருந்து விதை கொண்டு வந்து வளர்த்தது என்று தகட்டில் எழுதியிருந்தது. அந்த வருட மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு போட்டோக்காரர் அங்கே கடை விரித்தார். இலைமேல் மெல்லிசாக ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் துணியை விரித்து, வெள்ளைக்காரக் குழந்தைகளை உட்கார வைத்துப் படம் எடுப்பார். கரையில் நின்று பார்த்தால் குழந்தை வெறும் இலையில் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். பலகை இருந்தது எனக்கே பல வருடம் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

தம்பி அதைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். குளிக்கும்போது இலை, சாப்பிடும்போது இலை. வாழையிலையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, என்னைப் படம் எடுக்கச் சொல்வான். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். அப்பாவுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. சம்பளம் உயர்ந்ததும் உன்னையும் உட்கார வைத்துப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவோம் என்று அவனிடம் சொல்லி வைத்தார்.

அந்த ஞாயிறு மதியம் நல்ல மழை. நாலு மணிக்கு விட்டு, தெருவெல்லாம் ஆவி பறந்தது. மழைக்குப் பிறகு தோட்டத்தில் ஒரு வாசனை வரும். ஈர மண்ணும் குரங்குக் கூண்டு நாற்றமும் வெள்ளைக்காரிகளின் பவுடரும் கலந்த வாசனை. இன்றைக்கும் மழை விட்டால் எனக்கு அந்த மூன்றும் சேர்ந்துதான் வரும், இங்கே குரங்கும் இல்லை, வெள்ளைக்காரியும் இல்லை. நாற்காலிகளைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். நாங்கள் நடுவரிசையில் உட்கார்ந்தோம். அன்றைக்கு முன்வரிசையை விட்டு எங்களுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தாள் மேலதிகாரியின் மனைவி. அப்பா கொஞ்சம் தள்ளி மேலதிகாரியோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். பதவி உயர்வு விஷயம். அந்த மாதம் முழுக்க வீட்டில் அதே பேச்சாக இருந்தது.

பேண்டு ஆரம்பித்தது. நீட்டி நீட்டி இழுக்கிற அந்தப் பித்தளை வாத்தியத்தை நான் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி அம்மாவின் கவுனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எப்போது விட்டான் என்று எனக்குத் தெரியாது. அம்மா விசிறியைத் தட்டும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். எனக்காகத் தட்டவில்லை. அவள் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரிவில் தம்பி குளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். ஓடவில்லை. தன் வெள்ளைத் தொப்பியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, படம் எடுக்கப் போகிறவன் மாதிரி நடந்துபோனான்.

அம்மா எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். பக்கத்தில் மேலதிகாரியின் மனைவி நிமிர்ந்து அவளைப் பார்த்துப் புன்னகைத்தாள். அம்மா வாயை மூடிக்கொண்டாள். பிறகு நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து போக ஆரம்பித்தாள். எல்லோருடைய முழங்காலும் இடித்தது. "பார்தோன்" என்றாள். அடுத்த முழங்கால், "பார்தோன்." வரிசை முடிகிறவரை ஒருவர் விடாமல் பார்தோன் சொல்லிக்கொண்டே போனாள். நன்றாகத்தான் சொன்னாள். அப்பா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

வரிசையைத் தாண்டியதும் ஓடினாள். ஈரப்புல்லில் செருப்பு குத்தி நின்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு ஓடினாள். தம்பி கரையைத் தாண்டி இலையில் கால் வைத்தான். நின்றான் என்றுதான் எனக்குத் தோன்றியது, ஒரு கணம் நின்றான். பிறகு தொப்பி மட்டும் இருந்தது. அப்போதுதான் அம்மா கூப்பிட்டாள்.

பேண்டுக்கு மேலே கேட்டது அந்தக் குரல். முன்வரிசை முழுவதும் திரும்பியது. அப்பாவும் திரும்பினார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் அவர் குளத்தைப் பார்த்தார்.

தோட்டக்கார வியத்நாமியர் ஒருவர் குதித்துத் தம்பியை எடுத்துவந்தார். இலைக்கு அடியில் முள் இருக்கும், தண்டெல்லாம் முள், அவர் கையில் ரத்தம் வழிந்தது. யார் யாரோ தம்பியைக் கவிழ்த்துப் போட்டு முதுகை அமுக்கினார்கள். பேண்டு எடுத்த பாட்டை முடித்துவிட்டுத்தான் நிறுத்தியது.

வாசல் பக்கத்தில் காவலர் அறை இருந்ததே, அங்கே எங்களை உட்கார வைத்தார்கள். ஒரு பிரெஞ்சு போலீஸ் அதிகாரி வந்தார். வயதானவர், மரியாதையாகப் பேசினார். அப்பாவுக்கு நாற்காலி போடச் சொன்னார், தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மதாம் குழந்தை போவதைப் பார்த்தார்களா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா அம்மா பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அவன் போனதப் பாத்தியா?"

"பாத்தேன்," என்றாள் அம்மா. "கூப்ட்டிருந்தா நின்னிருப்பான். இங்க கூப்புடக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தீங்க."

அவள் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அப்பா நிமிர்ந்து பிரெஞ்சில் சொன்னார். அவருடைய பிரெஞ்சு எப்போதும் சுத்தமாக இருக்கும்.

"என் மனைவி பார்க்கவில்லை, மெசியே. சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்."

அதிகாரி தலையசைத்து, அம்மாவைப் பார்த்து ஆறுதலாக ஏதோ சொன்னார். அம்மா "மெர்சி" என்றாள். அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் அப்பாவும் நானும்தான். அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

தீப்பெட்டி வண்டியில், அதுதான் அந்தச் சின்னக் குதிரைவண்டியில், வீட்டுக்கு வந்தோம். தம்பி எங்களோடு வரவில்லை, அவன் உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். அவனுடைய இடம் காலியாக இருந்ததால் எனக்குக் கால் நீட்ட வசதியாக இருந்தது. அப்படி நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாதி வழியில் அம்மா கேட்டாள், அவர்கிட்ட என்ன சொன்னீங்க என்று. நீ சொன்னதைத்தான் சொன்னேன் என்றார் அப்பா. அம்மா தலையாட்டினாள்.

தம்பியைக் கல்லறைக்குக் கொண்டு போனார்கள். மேலதிகாரி வந்தார், அவர் மனைவி வெள்ளைப் பூவளையம் கொண்டுவந்து அம்மாவின் கன்னத்தில் முத்தம் வைத்தாள். பதவி உயர்வும் பிறகு வந்தது. சாவால் வந்தது இல்லை, வரவேண்டியது வந்தது. ஆனால் அம்மாவுக்கு அந்த இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். நீலக் கவுனைத் துவைத்து, மடித்து, பெட்டியில் அடியில் வைத்தாள். கிழிக்கவில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. அவள் அழுதாளா என்றால், சமைத்தாள். எங்களுக்கு வேளாவேளைக்குச் சோறு வந்தது.

துக்கம் கேட்க நம் ஆட்கள் வந்தார்கள். ஆண்கள் முன்னறையில் அப்பாவோடு உட்கார்ந்தார்கள். பெண்கள் உள்ளே அம்மாவோடு பாயில். நடுவில் திரைச்சீலைதான். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். காரைக்கால் அத்தை ஒருத்தி, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல மனுஷிதான், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"இப்படிப் பாட்டுக் கேட்டுக்கிட்டு உக்காந்துட்டியேம்மா. புள்ள போனதக் கவனிக்கலையாமே. போலீசுக்காரருகிட்ட தம்பி அப்படித்தான் சொல்லிச்சாம்."

அத்தை தம்பி என்றது எங்கள் அப்பாவை.

அம்மா தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். திரைச்சீலைப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் ஆண்களின் பேச்சு நின்றிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நான் நினைத்தேன். சொன்னால் அப்பா அதற்குமேல் யார் முகத்திலும் முழிக்க முடியாது என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. கையிலிருந்த காபித் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"ஆமா," என்றாள் அம்மா. "நான் பாக்கல. பாட்டுத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அவர்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாளா, அல்லது இதைச் சுமந்துகொண்டே இருங்கள் என்று சொன்னாளா, எனக்கு இந்த வயதிலும் தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும் அதற்குப் பிறகு வெகுகாலம் ஒரே வீட்டில் இருந்தார்கள், சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அவள் சொன்னது முன்னறையில் எல்லோருக்கும் கேட்டது. வீட்டில் அம்மா எப்போதும் சத்தமாகத்தான் பேசுவாள்.